சீட்டா, சேத்தக் ஹெலிகாப்டர்கள்: ஒரே இயந்திரத்துக்கு இத்தனை அளவுகள் ஏன், எதை நம்புவது?

வானேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாணவர்களுக்கான தமிழ் அறிவியல் இதழ் ஒன்றுக்காக, இந்தியப் படைகளின் இலகுரக ஹெலிகாப்டர்களைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். சியாச்சின் பனிமலையில் உள்ள காவல்நிலைகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுபோய், நோயுற்ற வீரர்களைக் கீழே இறக்கிக் கொண்டுவரும் சீட்டாவும், கப்பல்தளங்களிலிருந்தும் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தின் பயிற்சிப் பள்ளியிலிருந்தும் பறக்கும் சேத்தக்கும் கட்டுரையின் மையம். கட்டுரையோடு ஒரு தொழில்நுட்ப அட்டவணையும், 1:48 அளவில் ஒரு வரைபடமும் தரவேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார்.

அட்டவணையில்தான் சிக்கல். சீட்டாவின் எஞ்சின் திறன் ஓரிடத்தில் 870 குதிரைத்திறன் என்றும், மற்றோரிடத்தில் 550 என்றும் இருக்கிறது. கிலோவாட்டில் தேடினால் 640, 649, 405, 410 என்று நான்கு எண்கள் வருகின்றன. அதிகபட்ச எடை 1,950 கிலோ என்றும் 2,300 கிலோ என்றும் காண்கிறேன். உச்சவரம்பு 3,000 மீட்டர், 5,400 மீட்டர், 12,442 மீட்டர் என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. சேத்தக்கின் எடைக்கு 2,100, 2,200, 2,250 ஆகிய மூன்று எண்களும் சுற்றுகின்றன. நீளம், சுழலியின் (ரோட்டாரின்) விட்டம் ஆகியவற்றில்கூட ஒற்றுமை இல்லை.

எந்த எண் அதிக இணையப் பக்கங்களில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் பல பக்கங்கள் ஒன்றையொன்று படியெடுத்தவை என்பது அவற்றின் சொற்றொடர்களிலேயே தெரிகிறது. நம்பத்தகுந்த மூல ஆவணம் எங்கே கிடைக்கும், முரண்படும் எண்களை எப்படித் தீர்த்துக்கொள்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். பொதுவில் வெளியான தகவல் மட்டுமே எனக்குத் தேவை.

——

பட்டறைவாசி எழுதியது:

வணக்கம். இந்த வகை ஹெலிகாப்டர்களின் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் தந்திருக்கும் எண்களில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மாதிரிக்கு, ஏதோ ஒரு நிபந்தனையில் பொருந்துகின்ற எண்தான். அந்த மாதிரியும் நிபந்தனையும் படியெடுக்கப்படும்போது உதிர்ந்துபோகின்றன. ஆகவே எது சரி என்று தேடுவதற்கு முன், இந்த எண் எந்த மாதிரியுடையது, எந்த எடையில், எந்த வெப்பநிலையில் என்று கேட்க வேண்டும். விடை இல்லாத எண்ணை அட்டவணைக்குள் விடாதீர்கள்.

முதலில் குடும்பத்தைப் பிரித்துக்கொள்வோம். பிரான்சின் அலூவெட் 2, அலூவெட் 3 என்ற இரண்டு ஹெலிகாப்டர்களிலிருந்துதான் எல்லாம் கிளைக்கிறது. அலூவெட் 3 முதன்முதலில் 1959 பிப்ரவரியில் பறந்தது. அதன் தொடக்க மாதிரி எஸ்இ 3160, அதிகபட்ச புறப்பாட்டு எடை 2,100 கிலோ. கியர்பாக்ஸையும் சுழலிகளுக்குத் திறனைக் கடத்தும் அமைப்பையும் வலுப்படுத்திய எஸ்ஏ 316பி 1968இல் பறந்தது, அதற்கு 2,200 கிலோ. ஆர்டூஸ்ட் எஞ்சினுக்குப் பதிலாக அஸ்டாசூ 14 எஞ்சினைப் பொருத்திய எஸ்ஏ 319பி மாதிரிக்கு 2,250 கிலோ. உங்களுடைய மூன்று எண்களும் இங்கேயே முடிந்துவிடுகின்றன. அலூவெட் 3இன் இந்திய வடிவமான சேத்தக் ஆர்டூஸ்ட் எஞ்சின் கொண்டது என்பதால் 2,250 அதற்குப் பொருந்தாது. ஆனால் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் தயாரித்த முதல் அலூவெட் 3 பெங்களூரில் 1965இலேயே பறந்துவிட்டது. அப்போது 316பி மாதிரியே பிறக்கவில்லை. எனவே 1960களின் நடுவில் அச்சான கட்டுரை ஒன்றில் 2,100 என்று இருந்தால் அது பிழையன்று, அந்தக் காலத்து இயந்திரத்தின் எண். உங்கள் கட்டுரை எந்தக் காலத்துச் சேத்தக்கைப் பேசுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சீட்டாவின் கதை வேறு. இந்தியப் படைகள் 1968இல் கேட்ட மலைப்பகுதி ஹெலிகாப்டருக்காகவே பிரெஞ்சுக்காரர்கள் அதை உருவாக்கினார்கள். அலூவெட் 2இன் இலேசான உடற்கூட்டை எடுத்து, சிறிது வலுப்படுத்தி, அலூவெட் 3இன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சுழலியையும் அதில் பொருத்தினார்கள். 1969 மார்ச் 17 அன்று பறந்த அந்த எஸ்ஏ 315பிக்குப் பின்னர் லாமா என்று பெயரிட்டார்கள். இங்கே உரிமத்தின்கீழ் தயாரானபோது அது சீட்டா ஆயிற்று. இந்தப் பிறப்பு வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் சுழலி விட்டத்தின் குழப்பமும் தீரும். அலூவெட் 2இன் சுழலி 10.20 மீட்டர், அலூவெட் 3இனுடையது 11.02 மீட்டர். உடற்கூடு அலூவெட் 2 என்பதைப் பார்த்த யாரோ 10.20 மீட்டரைச் சீட்டாவின் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். சீட்டாவுக்கு 11.02 மீட்டர்தான்.

அடுத்து எஞ்சின். ஆர்டூஸ்ட் 3பி எஞ்சின் வெப்பவியல் அளவில் 870 குதிரைத்திறன் தரவல்லது. ஆனால் கியர்பாக்ஸ் அவ்வளவையும் தாங்காது என்பதால், லாமாவில் அதன் பயன்பாட்டை 550 குதிரைத்திறனில் நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டும் உண்மை, இரண்டும் தேவை. கடல்மட்டத்தில் பயன்படாமல் கிடக்கும் அந்த 320 குதிரைத்திறன்தான் இந்த ஹெலிகாப்டரின் உயிர்நாடி. மேலே போகப்போகக் காற்று மெலிந்து எஞ்சினின் திறன் குறைந்துகொண்டே வந்தாலும், குறைவது அந்த மிச்சத்திலிருந்துதான் முதலில் குறைகிறது. அதனால்தான் மற்ற சிறு ஹெலிகாப்டர்கள் திணறும் உயரத்திலும் லாமாவின் கியர்பாக்ஸுக்கு ஏறக்குறைய முழு 550 கிடைத்துக்கொண்டிருக்கிறது. 870 என்று மட்டும் எழுதினால் மாணவர்கள் அதைச் சுழலிக்குச் செல்லும் திறன் என்று நினைப்பார்கள். 550 என்று மட்டும் எழுதினால் இது ஏன் மலை ஏறுகிறது என்பது விளங்காமலே போகும். அட்டவணையில் இரண்டு வரிகளாகவே கொடுங்கள்.

கிலோவாட் எண்கள் நான்கானதற்குக் காரணம் இன்னும் எளிது. பிரெஞ்சு ஆவணங்கள் மெட்ரிக் குதிரைத்திறனில் பேசுகின்றன, அது 0.7355 கிலோவாட். ஆங்கிலக் குதிரைத்திறன் 0.7457 கிலோவாட். 870ஐ முதலாவதால் பெருக்கினால் 640, இரண்டாவதால் பெருக்கினால் 649. 550உம் அதேபோல 405, 410 என்று பிரிகிறது. ஆங்கில நூல்கள் அலகைக் கவனியாமல் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த வேறுபாடு இது. மூல ஆவணம் பிரெஞ்சு என்றால் 640, 405 ஆகியவற்றின் பக்கமே நான் நிற்பேன்.

எடையைப் பொறுத்தவரை, 1,950 கிலோ என்பது எல்லாச் சுமையும் உள்ளே இருக்கும்போது பொருந்தும் எல்லை. 2,300 கிலோ என்பது அடிவயிற்றுக் கொக்கியில் சுமையைத் தொங்கவிட்டுப் பறக்கும்போது மட்டும். இந்த இரண்டையும் ஒரே வரியில் சாய்கோடு போட்டு எழுதிவிட்டு விளக்காமல் விடும் வழக்கம் பரவலாக இருக்கிறது, அதை நீங்கள் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

——

அளவுகோல் எழுதியது:

வணக்கம். நான் ஹெலிகாப்டர் மாதிரிகள் செய்பவன், ஆகவே நீளம், விட்டம் ஆகியவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லாமாவுக்கு நீங்கள் 10.2 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஒரு நீளத்தையும், 12.9 மீட்டரை ஒட்டிய ஒரு நீளத்தையும் கண்டிருப்பீர்கள். முதலாவது உடலின் நீளம். இரண்டாவது, முன்னால் நீண்டிருக்கும் சுழலி அலகின் நுனியிலிருந்து பின்னால் வால்சுழலியின் விளிம்புவரை, சுழலிகள் சுற்றும்போது அளந்த மொத்த நீளம். ஹெலிகாப்டர் வரைபடங்களில் பெரும் பிழைகள் வருவது இந்த இடத்தில்தான். 1:48 அளவில் 11.02 மீட்டர் விட்டம் ஏறக்குறைய 230 மில்லிமீட்டராகும், 10.20 மீட்டரோ 212 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். பதினேழு மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். உடல் நீளத்தையும் சுழலி விட்டத்தையும் முதலில் உறுதிசெய்துவிட்டு, மொத்த நீளத்தை வரைபடத்திலிருந்து அளந்து பாருங்கள். 12.9க்கு அருகில் வந்தால் வரைபடம் சரி.

இந்தச் சிக்கல் அலூவெட் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பெல் 206 குடும்பத்தில் இதைவிட மோசம். பொதுப் பயன்பாட்டுக்கான 206ஏ மாதிரியின் சுழலி 33 அடி 4 அங்குலம், அதாவது 10.16 மீட்டர். தரைப்படை வாங்கிய ஓஎச்-58ஏ கயோவாவுக்கு 35 அடி 4 அங்குலம், அதாவது 10.77 மீட்டர். கடற்படை பயிற்சிக்கு வாங்கிய டிஎச்-57 பொதுப் பயன்பாட்டு மாதிரியை ஒட்டியது என்பதால் மீண்டும் 33 அடி 4 அங்குலம். பார்வைக்கு மூன்றும் உடன்பிறப்புகள் போலவே இருக்கும். பிறகு வந்த ஓஎச்-58டியோ நான்கு அலகுகள் கொண்ட, 35 அடி விட்டமுள்ள வேறொரு சுழலியுடன் வந்தது. எஞ்சின், எடை எல்லாமே மாறிவிட்டன. கயோவா என்ற ஒற்றைப் பெயரின்கீழ் அட்டவணை போடுகிறவர்கள் ஓஎச்-58ஏயின் 3,000 பவுண்டு எடையையும் ஓஎச்-58டியின் 5,500 பவுண்டு எடையையும் ஒரே இயந்திரத்தின் இரு எல்லைகள் போல எழுதிவிடுகிறார்கள். அவை தலைமுறை இடைவெளியுள்ள இரண்டு ஹெலிகாப்டர்கள்.

அமெரிக்க இயந்திரங்களில் ஒரு வசதி உண்டு. ஓஎச்-58ஏ, ஓஎச்-58சி ஆகியவற்றின் விமானிகளுக்கான தரைப்படைக் கையேடு டிஎம் 55-1520-228-10 என்ற எண்ணுடையது. அதில் முக்கியப் பரிமாணங்கள் படத்தோடு தரப்பட்டிருக்கின்றன, திறன் வரைகோடுகளும் உள்ளன. அதுபோன்ற ஆவணம் கையில் இருந்தால் இணைய அட்டவணைகளின் பக்கம் போகவேண்டிய தேவையே இல்லை. பொதுப் பயன்பாட்டு மாதிரிகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வகைச் சான்றிதழ்த் தரவுத்தாள் இருக்கிறது. பெல் 206 குடும்பத்துடையது எச்2எஸ்டபிள்யூ, மற்றோர் அமெரிக்கச் சிறு ஹெலிகாப்டரான ஹியூஸ் 369 குடும்பத்துடையது எச்3டபிள்யூஇ. இரண்டையும் அந்த நிர்வாகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

——

வானேடு எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டறைவாசி ஐயா பிரித்துக் காட்டிய விதத்தில் எடைக்கும் எஞ்சினுக்கும் உரிய வரிகளை இப்போதே திருத்திவிட்டேன்.

உச்சவரம்பும் பறப்புத் தொலைவும்தான் எஞ்சியிருக்கின்றன. உச்சவரம்பு 5,400 மீட்டர் என்றால், அதற்கும் மேலே உள்ள காவல்நிலைகளுக்குச் சீட்டா எப்படிப் போகிறது என்று மாணவர்கள் கேட்பார்களே, அதற்கு நான் என்ன விளக்கம் எழுதுவது? பறப்புத் தொலைவு 515 கிலோமீட்டர், தொங்குசுமை 1,135 கிலோ என்று ஒரு பக்கத்தில் அடுத்தடுத்த வரிகளில் பார்த்தேன். இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

——

மலைக்காற்று எழுதியது:

வணக்கம் வானேடு அவர்களே. கல்லூரியில் வானூர்திப் பொறியியல் கற்பிக்கிறேன், உங்கள் கேள்வியை என் மாணவர்களும் கேட்பதுண்டு.

உச்சவரம்பு என்று பொதுவாக எழுதப்படுவது ஒரே ஒரு பொருளுடையதன்று. பறப்பு உச்சவரம்பு என்றால், ஏறும் வேகம் நிமிடத்துக்கு 100 அடியாகக் குறைந்துவிடும் உயரம். முன்னோக்கிப் பறந்துகொண்டிருக்கும் ஹெலிகாப்டருக்கு உரிய எண் அது. அந்தரத்தில் அசையாமல் நிற்பதற்கு அதைவிட அதிகத் திறன் தேவை என்பதால் அந்த உச்சவரம்பு தாழ்வாக இருக்கும். அதிலும் தரையை ஒட்டி நிற்கும்போது சுழலி தள்ளும் காற்று தரையில் தடைபட்டு உதவி செய்கிறது, இதைத்தான் தரை விளைவு என்கிறோம், தரையிலிருந்து விலகி நிற்கும்போது அந்த உதவி இல்லை. லாமாவுக்கு, 1,950 கிலோ எடையில், திட்ட வளிமண்டலத்தில் (ஒப்பிடுவதற்காக எல்லோரும் ஏற்றுக்கொண்ட மாதிரிக் காற்றுநிலையில்), பறப்பு உச்சவரம்பு 5,400 மீட்டர், தரை விளைவுடன் நிற்பதற்கு 5,050 மீட்டர், தரை விளைவின்றி நிற்பதற்கு 4,600 மீட்டர். தொங்குசுமையுடன் 2,300 கிலோவில் பறப்பு உச்சவரம்பு 3,000 மீட்டராகிவிடுகிறது. ஆக, நீங்கள் கண்ட 5,400உம் 3,000உம் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அவற்றுக்கிடையே 350 கிலோ இருக்கிறது.

இந்த எண்களை நம்பலாமா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். சீட்டாவும் சேத்தக்கும் ஒரே எஞ்சினையும் ஒரே விட்டமுள்ள சுழலியையும் உடையவை. 11.02 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 95.4 சதுர மீட்டர். 1,950 கிலோவில் ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்குவது 20.4 கிலோ, 2,200 கிலோவில் 23.1 கிலோ, 2,300 கிலோவில் 24.1 கிலோ. இப்போது பறப்பு உச்சவரம்புகளை அருகில் வையுங்கள். சீட்டா 1,950 கிலோவில் 5,400 மீட்டர், எஸ்ஏ 316பி 2,200 கிலோவில் 3,200 மீட்டர், சீட்டா மறுபடியும் 2,300 கிலோவில் 3,000 மீட்டர். சுமை கூடக்கூட உயரம் ஒழுங்காக இறங்குகிறது. வெவ்வேறு மாதிரிகளிலிருந்து வந்த மூன்று எண்கள் இப்படி ஒரே வரிசையில் பொருந்தும்போது, அவற்றைத் தந்த ஆவணங்களின்மீது நம்பிக்கை பிறக்கிறது. யாராவது சேத்தக்குக்கு 2,200 கிலோவில் 5,000 மீட்டர் பறப்பு உச்சவரம்பு என்று எழுதியிருந்தால், எந்த நூலையும் திறக்காமலே அதை ஐயப்படலாம்.

12,442 மீட்டர் என்பது முற்றிலும் வேறு. 1972 ஜூன் 21 அன்று பிரான்சின் இஸ்திரில் ழான் பூலே என்ற சோதனை விமானி, தேவையற்ற கருவிகளையும் இருக்கைகளையும் கழற்றி எடையைக் குறைத்த லாமா ஒன்றில் தனியாக ஏறி நிகழ்த்திய உலகச் சாதனை அது. உச்சியில் எஞ்சின் அணைந்துபோனது. மறுபடி மூட்ட முடியாத நிலையில், காற்றோட்டத்தாலேயே சுழலியைச் சுற்றவிட்டு அவர் தரைவரை இறங்கினார். வியக்கத்தக்க பறத்தல் என்பதில் ஐயமில்லை, கட்டுரையின் உடலில் அதற்கு ஒரு பத்தியே ஒதுக்கலாம். ஆனால் பணிக்குச் செல்லும் ஹெலிகாப்டரின் தொழில்நுட்ப அட்டவணையில் அதற்கு இடமில்லை.

உங்கள் மாணவர்களின் கேள்விக்கு விடையும் எடையில்தான் இருக்கிறது. 1969இல் இமயமலையில் நடந்த செயல்விளக்கத்தின்போது ஒரு லாமா 7,500 மீட்டர் உயரத்தில் இறங்கி மீண்டும் எழுந்தது. அதில் இருந்தவை இரண்டு பேரும் 120 கிலோ எரிபொருளும் மட்டுமே. உச்சவரம்பு என்பது அந்தக் குறிப்பிட்ட எடைக்கான எல்லை. சுமையைக் குறைத்தால் எல்லை உயர்கிறது. மிக உயரமான காவல்நிலைகளுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிய சுமையே ஏற்றப்படுவதும், அதனால் பலமுறை பறக்கவேண்டி வருவதும் இதனால்தான். உயிரைப் பணயம் வைத்து அந்தப் பணியைச் செய்கிறவர்களைப் பற்றி எழுதும்போது, இந்தக் காரணத்தை மாணவர்கள் புரிந்துகொள்ளும்படி எழுதவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

வெப்பநிலையை மறந்துவிடாதீர்கள். லடாக்கில் உள்ள லே விமான நிலையம் 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. திட்ட வளிமண்டலத்தில் அந்த உயரத்தின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 6 டிகிரி செல்சியஸ். கோடை நண்பகலில் அங்கே 25 டிகிரி இருந்தால் 31 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 120 அடி என்ற விமானிகளின் நடைமுறைக் கணக்கின்படி, அங்குள்ள காற்றின் அடர்த்தி 14,400 அடி, அதாவது சுமார் 4,390 மீட்டர் உயரத்துக் காற்றின் அடர்த்திக்குச் சமமாகிறது. தரை விளைவின்றி நிற்பதற்கான 4,600 மீட்டர் எல்லைக்கு மிக நெருக்கமாக ஓடுபாதையிலேயே வந்துவிட்டோம் என்று பொருள். எனவே உச்சவரம்பை எழுதும் ஒவ்வொரு வரியிலும் எடையோடு திட்ட வளிமண்டலம் என்ற குறிப்பும் இருக்கட்டும்.

கடைசியாக 515 கிலோமீட்டரும் 1,135 கிலோவும். இரண்டும் தனித்தனியே சரியானவை, ஒன்றாக ஒருபோதும் நிகழாதவை. கூட்டிப் பாருங்கள். வெற்று எடை 1,021 கிலோ, தொங்குசுமை 1,135 கிலோ, சேர்ந்து 2,156. 2,300இல் மிச்சம் 144 கிலோ. விமானிக்கு 80 கிலோ போனால் எரிபொருளுக்கு 64 கிலோ, அதாவது சுமார் 80 லிட்டர். 515 கிலோமீட்டர் என்பதோ 575 லிட்டர் கொள்ளும் தொட்டியை முழுவதும் நிரப்பிக்கொண்டு போகும் தொலைவு. அந்த எரிபொருளின் எடை மட்டுமே ஏறக்குறைய 460 கிலோ. அப்போது விமானியையும் கணக்கிட்டால் 1,950க்குள் மிஞ்சுவது 390 கிலோவுக்கும் குறைவு. தொட்டி நிரம்பிய நிலை, தொங்குசுமை நிலை என்று இரண்டு நெடுவரிசைகள் போட்டுவிட்டால் படிப்பவருக்கு இந்தக் கணக்கு தானாகவே தெரியும்.

——

பட்டறைவாசி எழுதியது:

மலைக்காற்று அவர்கள் எடுத்த வெற்று எடையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. 1,021 கிலோ என்பது தயாரிப்பாளர் தரும் அடிப்படை எண். வானொலிக் கருவிகள், பனிச்சறுக்குத் தண்டுகள், மீட்புப் பணிக்கான பாரந்தூக்கி, ஆயுதம் தாங்கிய லான்சர் மாதிரியாக இருந்தால் அதற்கான துப்பாக்கியும் ராக்கெட் கூடுகளும் என்று ஒவ்வொன்றும் அதைக் கூட்டும். பட்டறையில் ஒவ்வொரு ஹெலிகாப்டரையும் தனித்தனியே நிறுத்துதான் அதன் எடையைப் பதிவு செய்வோம், இரண்டு இயந்திரங்கள் ஒரே எண்ணைத் தந்ததாக எனக்கு நினைவில்லை. ஆகவே வெற்று எடையின் அருகில் அடிப்படை நிலை என்று எழுதுங்கள்.

ஆவணங்கள் எங்கே என்ற உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இந்தியப் படைகளின் ஹெலிகாப்டர்களுக்குப் பறப்புத் தகுதிச் சான்று அளிப்பது பெங்களூரில் உள்ள ராணுவ வானூர்தித் தகுதி மற்றும் சான்றளிப்பு மையம். அதன் தொழில்நுட்ப ஆவணங்கள் பொதுமக்களுக்கு உரியவை அல்ல. படையில் பணியாற்றுகிறவர்களிடம் அவற்றைக் கேட்பதும் முறையன்று, நீங்கள் கேட்கவும் இல்லை என்பதில் மகிழ்ச்சி. ஆனால் லாமாவும் அலூவெட் 3உம் உலகெங்கும் பொதுப் பயன்பாட்டில் பறந்தவை. ஆல்ப்ஸ் மலையில் கம்பம் நடுவது முதல் காயமுற்றவர்களை மீட்பது வரை லாமா செய்யாத வேலை இல்லை. அதனால் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையும் அமெரிக்க நிர்வாகமும் இவற்றுக்கான வகைச் சான்றிதழ்த் தரவுத்தாள்களைப் பொதுவில் வைத்திருக்கின்றன. எடை எல்லைகள், எஞ்சின் எல்லைகள், மீறக்கூடாத வேகம், எரிபொருள் கொள்ளளவு, ஈர்ப்பு மையத்தின் எல்லைகள் ஆகியவை அவற்றில் சட்டப்படி செல்லுபடியாகும் எண்களாக இருக்கும். பறப்புத் தொலைவும் உச்சவரம்பும் அவற்றில் இராது. அவற்றுக்குப் பறப்புக் கையேட்டின் வரைகோடுகளையோ தயாரிப்பாளரின் பழைய விளக்கப் புத்தகத்தையோதான் நாட வேண்டும்.

தேடும்போது நிறுவனப் பெயரில் தடுமாற வேண்டாம். சூட் ஏவியாசியோன், 1970 முதல் ஏரோஸ்பேசியால், 1992 முதல் யூரோகாப்டர், 2014 முதல் ஏர்பஸ் ஹெலிகாப்டர்ஸ் என்று அதே இயந்திரத்தின் ஆவணங்கள் கைமாறியிருக்கின்றன. இன்றைய தரவுத்தாளில் ஏர்பஸ் ஹெலிகாப்டர்ஸ் என்றே இருக்கும், 1972இன் கையேட்டில் ஏரோஸ்பேசியால் என்று இருக்கும். ருமேனியாவில் தயாரான ஐஏஆர் 316பி, பிரேசிலில் காவியாவோ என்ற பெயரில் பூட்டிய லாமா ஆகியவற்றின் ஆவணங்களும் கைக்குக் கிடைக்கலாம், ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படும்.

பலர் கவனியாத இன்னொரு மூலம் விபத்து விசாரணை அறிக்கைகள். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளின் விசாரணை அமைப்புகள் வெளியிடும் அறிக்கைகளில், அந்தக் கணத்தில் ஹெலிகாப்டரின் எடை எவ்வளவு, அனுமதிக்கப்பட்ட எல்லை எவ்வளவு, வெப்பநிலை என்ன என்பதையெல்லாம் ஆய்வாளர்கள் கையேட்டைப் பார்த்துக் கணக்கிட்டு எழுதுவது வழக்கம். விளம்பரத்தின் சாயல் படியாத எண்கள் அவை.

சீட்டல், சேத்தன் ஆகியவற்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அவை முறையே சீட்டாவிலும் சேத்தக்கிலும் ஆர்டூஸ்டை நீக்கிவிட்டு டிஎம் 333-2எம்2 எஞ்சினைப் பொருத்திய இந்திய மாதிரிகள். இந்த எஞ்சினில் சுழலியை இயக்கும் விசையாழி தனித் தண்டில் சுழல்கிறது, ஆர்டூஸ்டிலோ எல்லாம் ஒரே தண்டில். திறன், எரிபொருள் செலவு, உயரத்தில் நடந்துகொள்ளும் விதம் ஆகிய அனைத்தும் மாறுகின்றன. ஐரோப்பிய, அமெரிக்கத் தரவுத்தாள்கள் இவற்றைத் தொடுவதில்லை, லாமாவின் எண்களையும் இவற்றுக்கு எழுத முடியாது. தயாரிப்பு நிறுவனம் தானே வெளியிட்ட விளக்கத்தாளில் உள்ளதை, வெளியிட்ட ஆண்டோடும் நிறுவனத்தின் கூற்று என்ற குறிப்போடும் தனி நெடுவரிசையில் கொடுங்கள். விளக்கத்தாள் எடையைச் சொல்லாமல் உச்சவரம்பை மட்டும் சொன்னால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, எஞ்சின் மாற்றத்தைப் பற்றி மட்டும் கட்டுரையில் எழுதுங்கள்.